ஹாஸ்டல் அறை அலங்காரம்: முன்கூட்டியே வாங்குவதா, போய்ப் பார்த்து வாங்குவதா?

பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்ததும் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். எல்லாவற்றையும் இப்போதே வாங்கிக் கட்டிக்கொண்டு போய், சேர்க்கிற அன்றே அறையை அமர்க்களப்படுத்திவிட்டுத் திரும்பலாம் என்பது ஒரு கட்சி. வெறும் பெட்டியோடு போய், அறையைப் பார்த்த பிறகு வேண்டியதை மெல்ல வாங்கலாம் என்பது இன்னொன்று. பெற்றவர்கள் பெரும்பாலும் முதல் கட்சி. போன் நிறைய அறைப் படங்களைச் சேமித்து வைத்திருக்கும் பிள்ளைகளும் அதே பக்கம்தான் நிற்பார்கள், காரணம் மட்டும் வேறு.

என் ஓட்டு நடுவில். உடம்பில் படுவதை முன்னாலேயே வாங்குங்கள். கண்ணில் படுவது காத்திருக்கட்டும். முதல் நாள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கத் தலையணை, பெட்ஷீட், போர்வை வேண்டும். சுவரில் படம் இல்லாததால் யாருக்கும் தூக்கம் கெடாது. அதோடு, ஜன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்கு, பிளக் பாயின்ட் எங்கே, கூட இருக்கப்போகிறவர் என்ன கொண்டுவருகிறார் என்று எதுவும் தெரியாமல் வாங்கினால், ஒரே அறையில் இரண்டு தரைவிரிப்பு வந்து சேரும். திரைச்சீலையும் அளவு தெரியாமல் வாங்குகிற பொருள் இல்லை.

பெட்ஷீட்டுக்கும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பு என்றால் நீள அகலம் மட்டும் போதாது, மெத்தையின் தடிமனும் தெரிய வேண்டும். சுருட்டிப் பொதிந்து வரும் ஃபோம் மெத்தையா, மடிக்கிற பஞ்சு மெத்தையா என்றால், முதல் நாளுக்குப் பஞ்சுதான் சரி. ஃபோமைப் பிரித்துப் போட்டதும் அது முழுசாக உப்பவும் புது வாசனை போகவும் நேரம் பிடிக்கும். அறைக்குப் போன அன்றே அதில் படுக்கச் சொல்வது பாவம்.

இப்போது சுவர். சேரும்போது ஹாஸ்டலில் கட்டும் முன்பணமான காஷன் டெபாசிட் கரைகிற இடம் இதுதான். ஆணி பல ஹாஸ்டல்களில் கூடாது, அதனால் போட்டி மீதி மூன்றுக்குள்: இழுத்தால் கழன்றுவரும் ஒட்டுப்பட்டை, பிசைந்து ஒட்டும் புட்டி, பேப்பர் டேப்.

ஒட்டுப்பட்டை சட்டம் போட்ட படத்தைக்கூடத் தாங்கும், ஆனால் வழவழப்பான பெயின்ட் சுவரில்தான். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, பட்டையை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சூட்சுமம் கழற்றுவதில் இருக்கிறது. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் வாலைச் சுவரோடு சுவராக, நேர்கீழாக, மெதுவாக இழுக்க வேண்டும். பட்டை ரப்பர் போல நீண்டு, மெலிந்து, தானே பிடியை விடும். அவசரப்பட்டு நம் பக்கமாக இழுத்தால் பெயின்டும் கூடவே வரும். இதைப் பிள்ளைக்கு ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

புட்டி மலிவு, திரும்பத் திரும்பப் பயன்படும். ஆனால் மாதக்கணக்கில் விட்டால் எண்ணெய்க் கறை விடலாம், கனமான எதையும் தாங்காது. பேப்பர் டேப் தபால் அட்டைக்கும் போட்டோவுக்கும் போதும். உரிக்கும்போது பெரும்பாலும் தடயமே இருக்காது. கைவைத்தால் மாவு ஒட்டும் டிஸ்டெம்பர் சுவர் என்றால் மூன்றுமே சரியாக நிற்காது. அலமாரிக் கதவிலும் மேசைக்கு மேல் சாய்த்து வைத்த ஒரு பலகையிலும் ஒட்டிக்கொள்வதுதான் வழி. எந்தச் சுவராக இருந்தாலும் முதல் நாளே அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், பழைய கறைக்கு உங்கள் பிள்ளை பொறுப்பாகாமல் இருக்கும்.

விளக்கில் போட்டி சீரியல் செட்டுக்கும் டேபிள் லேம்புக்கும். பிள்ளை முதலாவதைக் கேட்கும், நீங்கள் இரண்டாவதைச் சொல்வீர்கள். இங்கே நான் பெரியவர்கள் பக்கம். சீரியல் வெளிச்சத்தில் படிக்க முடியாது. படிப்புக்கு 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) அளவில் வெள்ளை வெளிச்சம் தரும், தலையைத் திருப்பக்கூடிய விளக்கு வேண்டும். அறைத்தோழர் தூங்கும்போது வெளிச்சத்தைப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளவும் அதுதான் தோது. அது வாங்கிய பிறகு, 2700 கெல்வின் மஞ்சளில் யூஎஸ்பி சீரியல் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும், ஐந்து வோல்ட்தான். முதுகில் பசையோடு வரும் எல்ஈடி பட்டை மட்டும் வேண்டாம், அந்தப் பசை பெயின்டைச் சும்மா விடாது. புகை உணரும் கருவியின் மேல் எதையும் தொங்கவிடாதீர்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகுவதும் கூடாது.

கட்டிலுக்கு அடியில் தள்ளும் பெட்டியா, கதவில் தொங்கும் பையா? கட்டிலுக்கும் தரைக்கும் இடைவெளி இருந்தால் பெட்டி. அவ்வளவுதான்.

கடைசியாக, யார் கை ஓங்குவது? படுக்கையை நீங்கள் விரியுங்கள், அலமாரியைத் துடையுங்கள், சுவரைத் தொடாதீர்கள். குடும்பப் போட்டோவையும் மாட்டிவிட்டு வராமல் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். நண்பர்கள் வந்துபோகும் அறையில் அது எங்கே இருக்க வேண்டும் என்பது பிள்ளையின் முடிவு. அப்புறம், அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைச் செலவழிக்காமல் பிள்ளையிடமே விடுங்கள். ஒரு மாதம் அங்கே இருந்த பிறகு கேட்கிற சாமான் பட்டியல் வேறு மாதிரி இருக்கும், அநேகமாக அதில் முதலில் இருப்பது துணி காயப்போடும் ஸ்டாண்டாக இருக்கும்.