பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு: ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவரின் மதிப்பீடு

எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், 32 வாரத்தில் 1.6 கிலோ எடையுடன் பிறந்த என் பேத்தி சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருக்கிறாள். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வரவேற்பறையின் சோபா, கேன்டீன் காபி ஆகியவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் தட்டுகளைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, சிகிச்சைக்காகச் சேர்த்த குழந்தைக்கு அந்த வார்டிலேயே புதிதாகக் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்கிறார்களா என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

இது வீண் பயமன்று. தில்லியின் 3 பெரிய மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு இரத்தத் தொற்று ஏற்பட்டிருந்தது. அவற்றுக்குக் காரணமான கிருமிகளில் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா ஆகிய இரண்டும் முன்னணியில் இருந்தன. ஈரமான தொட்டியிலும், சுவாசக் கருவியின் குழாயிலும், கழுவாத கையிலும் பிழைத்துக் கிடந்து, பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காமல் நிற்கும் கிருமிகள் இவை. ஆகவே எத்தனை வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்பு, கை கழுவும் இடத்தைப் போய்ப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம்.

இங்கே அது வாசலிலேயே இருக்கிறது. முழங்கையால் திறக்கும் நீண்ட பிடி கொண்ட குழாய், தண்ணீர் தெறிக்காத ஆழமான தொட்டி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் காகிதத் துண்டு ஆகிய மூன்றும் சரியாக இருந்தன. சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி வரை ஆக வேண்டும் என்பதைப் படத்துடன் ஒட்டியிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்த விநாடிகளை எண்ணுவதற்கு வாசலில் ஒரு செவிலியர் நின்றதுதான். “ஐயா, வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிட்டு மறுபடி கழுவுங்க” என்று என்னையே திருப்பி அனுப்பினார். பெரியவரிடம் இப்படிச் சொல்லலாமா என்று அருகில் இருந்த உறவினர் முகம் சுளித்தார். எனக்கோ அந்த ஒரு சொல்லிலேயே பிரிவின் மீது மதிப்பு கூடிவிட்டது.

உள்ளே, குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் ஒவ்வொரு வார்மர் படுக்கை அருகிலும் ஆல்கஹால் கைத் தேய்ப்பான் (சானிடைசர்) மாட்டியிருந்தது. குழந்தையைத் தொடுவதற்கு முன்பும், தொட்ட பின்பும், மானிட்டரையோ படுக்கை விளிம்பையோ தொட்ட பின்பும் பகல்நேரச் செவிலியர்கள் அதைப் பயன்படுத்தியதைப் பார்த்தேன். கையுறை போட்டிருந்தாலும் அதைக் கழற்றிய பிறகு தேய்த்துக்கொண்டார்கள். பல இடங்களில் விட்டுப்போவது இந்தப் படிதான்.

பேத்திக்கு மூச்சு வேகமானபோது தொற்றுச் சந்தேகத்தில் ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள். நான் உற்றுக் கவனித்தது அதற்கு முந்தைய சில நிமிடங்களை. குழந்தையின் தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, அது காயும் வரை காத்திருந்து, மறுபடி விரலால் தடவிப் பார்க்காமல் ஊசி குத்தி, கல்ச்சர் பரிசோதனைக்காக ஒரு மில்லிக்குக் குறையாமல் இரத்தம் எடுத்து, கல்ச்சர் பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடைத்த பிறகே உள்ளே செலுத்தினார்கள். மருந்தின் முதல் டோஸ் அதன் பிறகுதான் ஏறியது. காயும்வரை பொறுக்காமல் எடுத்த இரத்தத்தில் தோலில் இயல்பாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வளர்ந்து, அதையே நோய்க் கிருமி என்று எண்ணிப் பல நாள் மருந்து ஏற்றப்பட்ட குழந்தைகளின் அறிக்கைகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, குழந்தையும் தேறிவிட்டாள் என்று தெரிந்ததும் மருத்துவர் மருந்தை நிறுத்திவிட்டார். “எதற்கும் இன்னும் சில நாள் போடலாமே” என்று மருமகன் கேட்டதற்கு, தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் குடலின் நல்ல கிருமிகளை அழித்து, அடங்காத கிருமிகளுக்கு இடம் கொடுக்கும் என்று பொறுமையாக விளக்கினார். தனியார் மருத்துவமனையில் ஒரு மருந்தை நிறுத்துவதற்காக ஒரு மருத்துவர் இவ்வளவு நேரம் செலவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தாயை வெளியே நிறுத்தி வைக்காததையும் பாராட்ட வேண்டும். மகள் எந்நேரமும் உள்ளே போகலாம். சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே கொடுத்தார்கள். குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டும் கங்காரு பராமரிப்பை, பேத்தி ஆக்சிஜனில் இருந்தபோதே தொடங்கிவிட்டார்கள். ஆட்கள் வந்தால் கிருமி வரும் என்பது தாய்க்குப் பொருந்தாது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியதால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. மற்ற உறவினருக்கு நாளுக்கு ஒருவர் என்ற கட்டுப்பாடு கறாராக இருந்தது. சேனைத் தண்ணீர் தொட்டு வைக்கக் கிண்ணத்தோடு வந்த சம்பந்தி வீட்டு அத்தையிடம், தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று சிரித்தபடியே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் கட்டக் கொண்டுவந்த வசம்பு வளையலுக்கும் அதே கதிதான்.

குறைகள் இரவில் தெரிகின்றன. பகலில் இருந்த செவிலியர்களில் பாதிப் பேரே இரவுப் பணியில் இருந்தார்கள். ஒரு குழந்தையின் மானிட்டர் ஒலித்ததும் மறு குழந்தையிடமிருந்து ஓடுகிறவர் கை தேய்க்க மறப்பதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆளைக் குறைத்த நிர்வாகத்தைத்தான் சொல்வேன். ஓர் இரவு, எங்கள் படுக்கை அருகே இருந்த தேய்ப்பான் பாட்டிலின் பம்ப் வெறும் காற்றைத்தான் துப்பியது. கேட்டதும், பெரிய கேனைக் கொண்டுவந்து பழைய பாட்டிலிலேயே ஊற்றினார்கள். காலியான பாட்டிலைக் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும், அல்லது புதிதாக மாற்ற வேண்டும். மேலே மேலே ஊற்றுவது சரியான வழக்கமன்று. புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். மறுநாள் புது பாட்டில் வந்தது. இரவுப் பணியாளர் எண்ணிக்கை பற்றி மட்டும் பதில் வரவில்லை.

கழிவுகளை வகைக்கேற்ற நிறத் தொட்டிகளில் பிரித்துப் போடுவது ஒழுங்காகவே இருந்தது. பில்லில் கையுறை, சிரிஞ்சு வகைகளுக்கான தொகை கண்ணை உறுத்தியது. ஆனாலும் ஒருமுறை பயன்படுத்தும் பொருளை ஒருமுறைதான் பயன்படுத்தினார்கள் என்பதால் வாதாடவில்லை.

டிஸ்சார்ஜ் தாள் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம். மருந்துப் பட்டியல் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கிறது. எப்போது உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்பது தமிழில் இல்லை. பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, தூண்டினால் மட்டுமே அசைவது, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது அல்லது 35.5-க்குக் கீழே போய்ச் சில்லிடுவது ஆகியவற்றை ஒரு சிஸ்டர் வாய்மொழியாகச் சொன்னார். மகள் அவற்றை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறாள். தொப்புளில் எண்ணெய், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம், உலர்ந்திருந்தால் போதும் என்பதையும் அவரே சொன்னார்.

5-க்கு 4 மதிப்பெண் கொடுப்பேன். குறைமாதப் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறவர்கள் முன்கூட்டியே போய்ப் பார்ப்பதாக இருந்தால், இரவு 10 மணிக்குப் பிறகு போய், எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை செவிலியர் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.