150 கிராம் என்று அச்சிட்ட சுருள் வில்: நான்கு மாதங்களுக்குப் பின்

பல்வரிசையைச் சீராக்க முன்கடைவாய்ப்பல்லை எடுத்த இடத்தில் மிஞ்சும் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் இடைவெளியை மூடுவதற்காக, 9 மில்லிமீட்டர் நீளம், 150 கிராம் விசை என்று அச்சிட்ட நிக்கல்-டைட்டானியம் ஸ்பிரிங் பொட்டலம் ஒன்றை எங்கள் பல் மருத்துவமனைக்கு வாங்கினோம். அதுவரை, பல்லை இழுக்கும் ரப்பர் சங்கிலியான பவர் செயினையே பயன்படுத்தி வந்தேன். அந்த ரப்பர் மாட்டிய முதல் 24 மணி நேரத்திலேயே தன் விசையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுவதால், கிளிப் போட்ட பிள்ளை மறுமாதம் வந்து உட்காரும்போது அது பெரும்பாலும் பெயருக்குத்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

எஃகுச் சுருளில் இழுத்த அளவுக்கு விசை ஏறும். பல் நகர நகர அதே கணக்கில் இறங்கியும் விடும். நிக்கல்-டைட்டானியம் இழுபடும்போது தன் படிக அமைப்பையே மாற்றிக்கொள்வதால், கணிசமான தூரத்துக்கு விசை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கிறது. ஆனால் இழுக்கும்போது காட்டும் விசை வேறு, சுருங்கும்போது தரும் விசை வேறு. பல்லுக்குக் கிடைப்பது பின்னதுதான். அச்சிட்ட 150 இவற்றில் எது என்பதைப் பொட்டலத்தில் எங்குமே சொல்லவில்லை.

ஆகவே நானே அளந்தேன். ஸ்பிரிங்கை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, ஒரு முனை வளையத்தை விசைமானியின் கொக்கியில் கோத்து, இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தபோது முள் 230 கிராமைத் தொட்டது. மெல்லத் தளர்த்தியபோது 180க்கு இறங்கி, கடைசி 2 மில்லிமீட்டர் வரும்வரை அங்கேயே நின்றது. அதே பொட்டலத்தின் இன்னொரு ஸ்பிரிங் 165தான் காட்டியது. ஏ.சி. அறையில் நீரில்லாமல் அளந்தபோது முதலாவது 150ஐ ஒட்டி நின்றதைப் பார்த்தால், அச்சிட்ட எண் வாய்ச்சூட்டைக் கணக்கில் கொள்ளாதது என்றே தோன்றுகிறது. குளிரில் இந்த உலோகம் தளரும், சூட்டில் இறுகும். ஐஸ்கிரீம் சாப்பிடும் சில நிமிடங்களுக்குப் பல்லுக்கும் சிறு ஓய்வு கிடைக்கிறது.

நான்கு மாதங்களில் எந்த ஸ்பிரிங்கும் அறுந்துபோகவில்லை, மாற்றவும் நேரவில்லை; இடைவெளியும் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் குறைந்தது. முனை வளையம் மட்டும் குறுகலாக இருப்பதால் கடைவாய்ப்பல் கொக்கியில் ஏறாமல், ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பியால் கட்ட வேண்டியிருந்தது. கோரைப்பல் ஒன்றை மட்டும் இழுப்பதற்கு 180 கிராம் சற்று அதிகம், பின்னால் தாங்கி நிற்கும் கடைவாய்ப்பல்லும் முன்னோக்கி நகரக்கூடும் என்பதால், அந்த வேலைக்கு அடுத்த முறை 100 கிராம் பொட்டலத்தையே வரவழைக்கப்போகிறேன். அதையும் வெந்நீரில் அளந்த பிறகுதான் மாட்டுவேன்.