ரீஃபண்ட் வந்தது, ரீஇம்பர்ஸ்மென்ட் வரவில்லை

அப்பாவுக்காக ஓர் இணையக் கடையில் நடைக்காலணி வாங்கினேன். பெட்டியில் 8 என்று அச்சிட்டிருந்தது. வலது கால் கச்சிதமாக நுழைந்தது. இடது காலில் குதிகால் உள்ளே போகவே இல்லை. நாடாவைத் தளர்த்திவிட்டு உள்ளே பார்த்தால், அந்த ஒன்று மட்டும் 7!

படம் எடுத்து அனுப்பிய அன்றே கடை ஏற்றுக்கொண்டது. காலணி அவர்கள் கைக்குப் போன 4ஆம் நாள், நான் பணம் கட்டிய அதே அட்டைக்கு முழு விலையும் வந்துவிட்டது. இதில் ஒரு குறையும் இல்லை.

குறை கூரியர் கட்டணத்தில்தான். "நீங்களே கூரியரில் அனுப்பிவிடுங்கள், காலணிக்கு ரீஃபண்ட், கூரியருக்கு ரீஇம்பர்ஸ்மென்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டும் பணம் திரும்பி வருவதுதானே என்று ரசீதைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

இரண்டும் ஒன்றல்ல. ரீஃபண்ட் என்பது பணத்தைப் பெற்றுக்கொண்டவரே அதைத் திருப்பிக் கொடுப்பது. கணக்கு கடையிடமே இருக்கிறது. நான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கூரியர்காரருக்கோ என் கைக்காசைக் கொடுத்தேன். வேறொருவரிடம் நான் செய்த அந்தச் செலவைக் கடை ஈடுகட்டுவதுதான் ரீஇம்பர்ஸ்மென்ட். எவ்வளவு கொடுத்தேன் என்று ரசீது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அலுவலக வேலையாக ஊருக்குப் போய்வந்து, டிக்கெட்டை இணைத்துப் பணம் கேட்கிறோமே, அதே வகை.

பிறகு அகராதியைப் புரட்டினேன். ரீஃபண்டில் இருப்பது நிதியைக் குறிக்கும் ஃபண்ட் இல்லையாம். ஊற்றுவதைக் குறிக்கும் லத்தீன் வினையாம். எந்தக் குடத்திலிருந்து வந்ததோ அதிலேயே திரும்ப ஊற்றுவது! மற்றதில் ஒளிந்திருப்பது நம் பர்ஸின் மூலச்சொல்: காலியான பணப்பையில் மறுபடி போடுவது.

என் வருத்தமெல்லாம் கடையின் தமிழ்ப் பக்கத்தைப் பற்றித்தான். இரண்டுக்கும் "பணம் திரும்பப் பெறுதல்" என்றே போட்டிருக்கிறார்கள். 'விலையைத் திருப்பித் தருவோம். கூரியர் செலவை ரசீது பார்த்து ஈடுகட்டுவோம்' என்று எழுதத் தமிழில் சொல்லா இல்லை? அந்த ஒரு வரி இருந்திருந்தால் ரசீது இன்று என் மேசையில் இருந்திருக்கும்.

5க்கு 3 கொடுக்கிறேன். கூரியர் அலுவலகத்தில் ரசீதின் நகல் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் கடைக்கு அனுப்புவேன்.