கேபின் இல்லாத ஃபைபர் படகுக்கு எந்த வயர்லெஸ் பொருந்தும்?

விடியற்காலையில் புறப்பட்டு உச்சிக்கு முன் கரை திரும்பும் எங்கள் இருபத்தெட்டு அடி ஃபைபர் படகுக்கு, கடலில் படகுகள் தமக்குள்ளும் கரையோடும் பேசிக்கொள்ள உதவும் வி.எச்.எஃப் வயர்லெஸ் ஒன்றை வாங்குவதென்று நானும் தம்பியும் முடிவு செய்தபோது, கையில் இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்தான் பணம் இருந்தது. எங்கள் கரை தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவில் உள்ளது. படகில் கேபின் கிடையாது. மோட்டாரும் கயிறு இழுத்துக் கிளப்பும் ரகம் என்பதால் பேட்டரியும் கிடையாது. கடைக்காரர்களோ, விசைப்படகுக்கு விற்றுப் பழகியவர்களாதலால், எந்தச் செட்டைக் கேட்டாலும் முதலில் வாட் கணக்கைத்தான், அதாவது செட் அலையை அனுப்பும் வலிமையைத்தான், சொல்கிறார்கள். இரண்டு பருவம் கையில் எடுக்கும் செட் ஒன்றையும், படகில் பொருத்தும் செட் ஒன்றையும் பயன்படுத்திப் பார்த்தபின், அந்தக் கணக்கு எங்களைப் போன்றவர்களுக்குப் பாதிதான் உதவும் என்று சொல்லத் துணிகிறேன்.

கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று என் மனைவியே கேட்டாள். கைபேசியில் கூப்பிட்டால் ஒருவர்தான் எடுப்பார். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால், எட்டும் தொலைவில் அந்தச் சேனலைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை படகுகளுக்கும் கேட்கும். ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரிய 16ஆம் சேனலை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸை, கடலோரக் காவல் படையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சிக்னல் இருக்கும் இடத்தில் அவர்களது 1554 என்ற எண்ணையும் அழைக்கலாம். சிக்னல் போன இடத்தில்தான் செட்டின் அருமை தெரியும்.

வி.எச்.எஃப் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. கடலின் வளைவுக்கு அப்பால் அதிகம் எட்டாது. ஆன்டெனா கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 2.25ஆல் பெருக்கினால், அது எட்டும் தொலைவு ஏறத்தாழக் கடல் மைலில் கிடைக்கும். எதிர்ப்படகின் ஆன்டெனாவுக்கும் அப்படியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். கைச்செட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் ஆன்டெனா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்றால், அப்படிப்பட்ட இருவருக்கு நடுவே ஐந்தரை மைல்தான் கணக்கு. இரு படகிலும் ஆன்டெனாவை நான்கு மீட்டர் கழியில் ஏற்றிவிட்டால் இடையே ஒன்பது மைல் வரும். சித்தப்பா மகனின் படகோடு இதைச் சோதித்துப் பார்த்தோம். ஐந்து மைலை நெருங்கும்போது, அலை எங்களைத் தூக்கினால் அவன் குரல் வந்தது. பள்ளத்தில் இறக்கினால் அறுந்தது. தம்பி பலகையின் மேல் ஏறி நின்று செட்டைத் தலைக்கு மேல் பிடித்தவுடன், “வலை வாங்கியாச்சா?” என்று அவன் கேட்டது பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. செட் அதே செட்தான், வாட்டும் அதே வாட்தான்.

எனவே ஐந்து வாட்டா ஆறு வாட்டா என்று கைச்செட்டுகளுக்குள் அலைபாய்வது வீண். அவற்றில் பார்க்க வேண்டியது மிதக்குமா என்பதைத்தான். நாங்கள் வைத்திருப்பது ஐகாம் ஐ.சி-எம்25. ஐந்து வாட், எடை சுமார் 220 கிராம். தண்ணீரில் விழுந்தால் மிதப்பதோடு, அணைத்து வைத்திருந்தாலும் தானே விளக்கைச் சிமிட்டும். இருட்டோடு புறப்படும் எங்களுக்கு இந்த ஒரு வசதியே கொடுத்த பணத்துக்கு ஈடு. இதே தரத்தில் ஸ்டாண்டர்ட் ஹொரைசன் எச்.எக்ஸ்210 ஆறு வாட்டோடு வருகிறது, அதுவும் மிதக்கக்கூடியது. பெட்டியில் ஐ.பி.எக்ஸ் 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். ஆனால் அது நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை. உப்பு வேறு கணக்கு. கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சார்ஜ் துளை முழுவதும் உலர்ந்தபின் மட்டுமே ஒயரைச் செருக வேண்டும். இதற்கு முன் வைத்திருந்த வேறொரு செட்டில் இந்தப் பொறுமை இல்லாமல் போய், துளைக்குள் பச்சை பூத்து, ஆறே மாதத்தில் அதைத் தூக்கிப் போட்டோம். கைச்செட்டின் குறை ஒலியில் இருக்கிறது: மோட்டார் ஓடும்போது காதருகே வைத்தால்தான் கேட்கும், கச்சான் காற்று வீசும் நாளில் அதுவும் சிரமம்.

மலிவு என்று சொல்லி இணையத்தில் விற்கும் பாவோஃபெங் யு.வி-5ஆர் போன்ற வாக்கி டாக்கிகளைச் சிலர் படகில் வைத்திருக்கிறார்கள். அவை கடல் அலைவரிசையில் பேசக்கூடியவைதான் என்றாலும், கடலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. தண்ணீர் தாங்காது, மிதக்காது; ஈரக் கையால் தவறான பொத்தானை அழுத்தினால் எந்த அலைவரிசைக்குப் போனது என்றே தெரியாது. உரிமமும் அனுமதியும் இல்லாத வாக்கி டாக்கிகளை இணையத்தில் விற்பதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டிருக்கிறது. உண்மையான கடல் செட்டுக்கும் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் உண்டு என்பதை வாங்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பொருத்தும் செட் என்றால் 25 வாட். ஐகாம் ஐ.சி-எம்330 அளவில் சிறியது, தண்ணீர் தாங்கும், ஒலிபெருக்கி கைச்செட்டைவிடப் பல மடங்கு மேல். ஆனால் செட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. ஆன்டெனா, கேபிள், பேட்டரி, அதை வைக்கப் பெட்டி என்று சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதையாகிவிடும். பேட்டரிக்கு மட்டும் பயப்பட வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும், முழு வாட்டில் பேசும்போதுதான் ஐந்து ஆம்பியர் அளவுக்குப் போகும். ஏழு மணி நேரத் தொழிலில் மொத்தம் பத்து நிமிடம் பேசினால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் பாதிதான் செலவாகிறது. அந்தச் சிறு பேட்டரியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து அணியத்துப் பலகைக்கு அடியில் கட்டியிருக்கிறோம். இரவில் வீட்டில் சார்ஜ் ஏறுகிறது.

ஆன்டெனாவில் நீளமான 6 டெசிபெல் ரகத்தைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார். அது அலையைக் கிடைமட்டத்தில் ஒடுக்கி அனுப்பும். எங்கள் படகு போல ஆடும் படகில் அந்த ஒடுங்கிய வீச்சு ஒருமுறை வானத்தையும் மறுமுறை தண்ணீரையும் நோக்கிப் போகும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள 3 டெசிபெல் கம்பியே சிறிய படகுக்குப் பொருத்தம். ஃபைபரில் உலோகத் தளம் கிடையாது என்பதால், அந்தத் தளம் தேவைப்படாத அரை அலை ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். கேபிளில்தான் நாங்கள் ஏமாந்தோம். ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிளில் ஆறு மீட்டர் ஓட்டினாலே 25 வாட்டில் சுமார் ஆறு வாட் வழியிலேயே தொலைந்துவிடும். எங்களுக்கு விற்றது அதைவிடவும் மட்டமான சரக்கு. மூன்றாம் மாதம் இணைப்பியைக் கழற்றினால் உள்ளே உப்புத் தண்ணீர் ஊறிச் செப்பு கறுத்துக் கிடந்தது. தடித்த ஆர்.ஜி.8எக்ஸ் மாற்றி, இணைப்பின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றியபின் இதுவரை தொல்லை இல்லை.

பொருத்தும் செட்டில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் ஆபத்துச் செய்தியைத் தானே அனுப்பும். அதற்கு 419 என்று தொடங்கும், படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எண்ணைப் பெற்றுப் பதிந்திருக்க வேண்டும். இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்ப ஜி.பி.எஸ் இணைந்திருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் பொத்தானை நம்பிக்கொண்டிருப்பது வீண். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட்டாக இருந்தால், அது அமெரிக்கச் சேனல் அமைப்பில் இருக்கக்கூடும். சர்வதேச அமைப்புக்கு மாற்றாவிட்டால் சில சேனல்களில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதில் உள்ள வானிலைச் சேனல்கள் இங்கே வெறும் இரைச்சல்தான்.

எந்தச் செட்டானாலும் வி.எச்.எஃப்புக்கு ஓர் எல்லை உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கியிருந்த குமரி மாவட்டப் படகுகள் பல, கரையிலிருந்து இத்தகைய அலை எட்டும் தொலைவில் இல்லை. அப்படித் தொழில் செய்பவர்களுக்குச் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவியே தேவை. இந்த மதிப்புரை அவர்களுக்கானது அல்ல.

இருபதாயிரத்துக்குள் ஒன்றுதான் முடியும் என்றால் மிதக்கும் கைச்செட்டை வாங்கலாம். இரவுத் தொழிலுக்குப் போகத் தொடங்கும்போது பொருத்தும் செட்டைச் சேர்த்துக்கொள்ளலாம், அப்போதும் கைச்செட்டை விற்றுவிட வேண்டாம். படகு கவிழ்ந்தால் பொருத்திய செட் படகோடு போய்விடும். எங்கள் கைச்செட்டை உயிர்காப்புச் சட்டையின் மார்பு வாரில் ஒரு முழ நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறோம். முதலில் இரண்டு முழம் விட்டிருந்தோம், அது வலையில் மாட்டியது.