ஸ்பாட்டிஃபையா, பேண்ட்கேம்ப்பா?

1999-ல், பாட்டுக் கோப்புகளை இணையத்தில் இலவசமாகப் பகிரும் நாப்ஸ்டர் வந்ததும் பாட்டுக்குக் காசு கொடுக்கும் பழக்கமே ஆட்டம் கண்டது. அந்தத் திருட்டுப் பதிவிறக்கத்துக்கு மாற்றாக 2008-ல் ஸ்வீடனிலிருந்து வந்தது, பாட்டை இணையம் வழியே கேட்கவைக்கும் ஸ்பாட்டிஃபை. கலைஞர்கள் தங்கள் பாட்டை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளமான அமெரிக்காவின் பேண்ட்கேம்ப்பும் அதே ஆண்டில்தான் தொடங்கியது.

வசதியில் ஸ்பாட்டிஃபைக்கு நிகரில்லை. விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் சந்தா. ஆனால் நீங்கள் கட்டும் சந்தா, நீங்கள் கேட்ட கலைஞருக்கே போய்ச் சேர்வதில்லை. எல்லோருடைய பணமும் ஒன்றாகக் கொட்டப்பட்டு, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கோ அதன்படி பிரிகிறது. மாதம் முழுக்க ஒரே ஒரு சிறு குழுவைக் கேட்டாலும் உங்கள் பணத்தில் பெரும்பகுதி நட்சத்திரங்களுக்கே. 2024 முதல், ஓராண்டில் 1,000 முறைகூட ஒலிக்காத பாட்டுக்குப் பைசா கிடையாது. சிறிய கலைஞரின் வயிற்றில் அடிக்கும் விதி இது.

பேண்ட்கேம்ப்பில் விலையைக் கலைஞரே வைக்கிறார். 10 டாலருக்கு ஆல்பம் விற்றால் தளத்துக்கு 1.50, பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி அவருக்கு. கொரோனாவால் கச்சேரிகள் நின்றுபோன 2020 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கத் தன் பங்கையே விட்டுக்கொடுத்தது. பிறகும் பலமுறை அப்படிச் செய்தது. வாங்கிய கோப்பு, பூட்டு எதுவுமின்றி உங்கள் கணினியிலேயே இருக்கும்.

புதிய பாட்டைத் தேட ஸ்பாட்டிஃபை போதும். மனதுக்குப் பிடித்த குழு என்றால், ஆல்பத்தைப் பேண்ட்கேம்ப்பில் காசு கொடுத்தே வாங்குங்கள்.