சுண்டெலியா, தெருநாயா: நிர்ப்பீடன ஆய்வுக்குள் மாணவரை அழைத்துச் செல்லும் இரு வழிகள்

மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் உயிரியல் கற்கும் மாணவி ஒருவர் புற்றுநோய் நிர்ப்பீடனவியலில், அதாவது உடலின் நோயெதிர்ப்பு புற்றுநோயை எதிர்கொள்ளும் விதத்தை ஆராயும் துறையில், இறங்க விரும்பினால், வழிகாட்டி அவரை எந்த விலங்கிலிருந்து தொடக்கிவிடுவது?

ஆய்வுகூடச் சுண்டெலி வழக்கமான விடை. ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த, நோயெதிர்ப்பு வெண்குருதிக் கலங்களான ரி கலங்களின் தடையை நீக்கும் சிகிச்சை முதலில் சுண்டெலிகளிலேயே பலன் காட்டியது. மரபியலில் ஒரே மாதிரியான விலங்குகள் என்பதால் முடிவுகள் தெளிவாக இருக்கும். ஆயினும் அங்குள்ள கட்டி பெரும்பாலும் நாமே புகுத்தியதுதான்; பராமரிப்புச் செலவும் சிறிதன்று.

தெருநாயிடமோ கட்டி தானாகவே வருகிறது. இனச்சேர்க்கையின்போது உயிருள்ள புற்றுக்கலங்களே ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் பாலுறுப்புக் கட்டி, இவ்வகையில் ஒப்பற்ற பாடம். அது அந்த நாயின் சொந்தக் கலமன்று என்பதற்குச் சான்றாக, நாயின் கலத்தில் 78 நிறமூர்த்தங்கள் இருக்க, இக்கட்டியின் கலத்தில் ஏறத்தாழ 57 முதல் 64 வரையே உள்ளன. அந்நியக் கலமாயினும், தன் மேற்பரப்பின் அடையாளப் புரதங்களைக் குறைத்துக்கொண்டு அது நிர்ப்பீடனத்தின் கண்ணில் படாமல் வளர்கிறது. பின்னர் சில நாய்களில் அப்புரதங்கள் மீண்டும் தோன்ற, கட்டி தானே சுருங்கிவிடுவதும் உண்டு. பெரும்பாலானவற்றை வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் வாராந்த ஊசி குணப்படுத்துகிறது.

எனது தெரிவு நாயே. மிருக வைத்தியரின் துணையும் நெறிமுறை அனுமதியும் இன்றி ஒரு மாதிரியும் எடுக்கலாகாது. விசர்நாய்த் தடுப்பூசியையும் மாணவி முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருப்பதால், இரண்டாவது மேற்பார்வையாளரை அங்கே தேடுவது நல்லது. சுண்டெலியை அவர் பட்டமேற்படிப்பில் சந்திக்கட்டும்.