பாடம் தொடங்கும் முன் ஒரு தாள்: அசர் வாசிப்பு, கணக்குச் சோதனை எப்படி?

மாலை நேர வகுப்பு நடத்துகிறவர்கள், இல்லம் தேடிக் கல்வி போன்ற திட்டங்களில் இருந்த தன்னார்வலர்கள், வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகளை வைத்து டியூஷன் எடுப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். புதிதாக ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்ததும் ‘எத்தனாவது படிக்கிற?’ என்று கேட்டுவிட்டு அந்த வகுப்புப் புத்தகத்தைத் திறப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அந்தப் பதில் பிள்ளையின் வயதைச் சொல்லும், அதற்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்திப் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அசர் தாள். காசு கிடையாது, செயலி வேண்டாம், இணையம் வேண்டாம், ஜெராக்ஸ் எடுக்கும் செலவு மட்டும்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-இல் அசர் கணக்கெடுப்பைத் தொடங்கியது. கிராமப்புற வீடுகளுக்கே போய், பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று பார்ப்பார்கள். ‘ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இத்தனை பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை’ என்று செய்தித்தாளில் வருமே, அந்த அறிக்கைதான். அதற்காகத் தயாரித்த தாள்தான் இது, தமிழிலும் கிடைக்கிறது. கணக்கெடுப்புக்கு ஆனது என்று ஒதுக்கிவிட வேண்டாம், வகுப்பின் முதல் நாளுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

வாசிப்புத் தாளில் நாலு படிகள்: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. கணக்கிலும் அப்படியே: 1 முதல் 9 வரை எண்களை அடையாளம் காண்பது, ஈரிலக்க எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிப்பது, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. மொத்தமே இவ்வளவுதான். இதில் மதிப்பெண் கிடையாது. பிள்ளை எந்தப் படி வரை தடையில்லாமல் வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தொடங்கும் இடம். எழுத்திலிருந்து தொடங்குவதில்லை, பத்தியை முதலில் கொடுக்கிறோம். சரளமாக வந்தால் கதைக்குப் போகிறோம், திணறினால் சொல்லுக்கு இறங்குகிறோம், அதுவும் வரவில்லை என்றால் எழுத்துக்கு. சொல்லிலும் எழுத்திலும் ஐந்துக்கு நாலு சரியாக வந்தால் போதும். பத்தியில் மூன்று பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் சொல்சொல்லாகப் பிய்த்துப் பிய்த்து வாசிக்காமல் வாக்கியமாக வாசிக்க வேண்டும். கணக்கிலும் கழித்தலில்தான் தொடக்கம். இப்படி நடுவிலிருந்து தொடங்குவதால் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு அ, ஆ காட்டி அதைச் சலிப்படைய வைக்க வேண்டியதில்லை, வாசிக்க வராத பிள்ளை இருபது கேள்விகளில் தோற்று அழுகிற நிலைக்கும் போவதில்லை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஒரு கணக்கில் கவனக்குறைவாகத் தவறு செய்தால் இன்னொரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்பதும் வழிமுறையிலேயே உண்டு. பிள்ளையைத் தோற்கடிப்பதற்காக இதை யாரும் தயாரிக்கவில்லை என்பது இந்த மாதிரி இடங்களில் புரிகிறது.

எழுத்துத் தேர்வு வைத்து ஆரம்பிக்கிறவர்களிடம் நான் வாதாடுவது முக்கியமாக ஒரே விஷயத்துக்குத்தான். ‘ராமுவிடம் 52 மாம்பழங்கள் இருந்தன, 27 விற்றுவிட்டான், மீதி எத்தனை?’ என்று தாளில் கேட்டால், அந்த வாக்கியத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கணக்கிலும் பூஜ்யம்தான் விழும். அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் நன்றாகத் தெரிந்திருக்கலாம், சந்தையில் அம்மாவுடன் நின்று சில்லறை எண்ணிக் கொடுக்கிற பிள்ளையாகக்கூட இருக்கலாம். ஒரு கட்டணச் செயலியின் நுழைவுச் சோதனையை எங்கள் வகுப்பில் போட்டுப் பார்த்தபோது இதேதான் நடந்தது: நாலு விடைகளில் ஒன்றைத் தொடுகிற முறை, பிள்ளைகள் கேள்வியைப் பார்க்காமலேயே ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள், கடைசியில் வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை வந்தது, அதை வைத்து அடுத்த நாள் எந்தப் பாடம் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அசர் தாளில் பிள்ளை வாயால் வாசிக்கிறது, கையால் கணக்குப் போடுகிறது, நாம் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம். குருட்டாம்போக்கில் தேற வழியில்லை.

கணக்குத் தாளில் கிடைக்கும் உண்மையான பொக்கிஷம் படிநிலை அல்ல, பிள்ளை போட்ட கணக்கு. படிவத்தில் ‘கழித்தல் வரவில்லை’ என்று குறித்துவிட்டு அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 52-இல் 27 போக 35 என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அது கழித்தல் தெரியாத பிள்ளை இல்லை. ஒன்றின் இடத்தில் 7 பெரியது, 2 சின்னது, அதனால் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 5 என்று போட்டிருக்கிறது. 46-இல் 29 போக 23 என்று அடுத்ததிலும் அதையே செய்திருந்தால் சந்தேகமே இல்லை. இந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்குவது மட்டும்தான் புரியவில்லை, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து ஒரு கட்டைப் பிரித்துக் காட்டி அங்கிருந்து தொடங்க வேண்டும். விரல் விட்டு எண்ணும்போது இடறுகிற பிள்ளைக்கு வேண்டிய பாடம் வேறு. இருவருமே தாளில் ஒரே படியில்தான் நிற்பார்கள். அதே மாதிரி 824-ஐ 4-ஆல் வகுத்து 26 என்று எழுதுகிற பிள்ளைக்கு வகுத்தல் தெரியும், ஈவில் நடுவே பூஜ்யம் போட வேண்டும் என்பதுதான் தெரியாது. இதையெல்லாம் தாள் தானாகச் சொல்லாது, பக்கத்தில் இருக்கிற நாம்தான் பார்த்து ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எண் அடையாளத்தில் ஒரு சின்ன விஷயம். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகள் 47-ஐ ‘ஃபார்ட்டி செவன்’ என்று சட்டென்று சொல்வார்கள், தமிழில் கேட்டால் விழிப்பார்கள். எந்த மொழியில் சொன்னாலும் நான் சரி என்றே குறித்துக்கொள்கிறேன். எழுபது, எண்பது, தொண்ணூறு குழப்பம் இருந்தால் அதைத் தனியாகப் பேச்சில் சரிசெய்யலாம், கணக்கில் பிந்தியவர் என்று அதற்காக ஒரு பிள்ளையைக் கீழே இறக்கக் கூடாது.

இனி குறைகள். தமிழ் வாசிப்புக்கு எழுத்துப் படி போதவே போதாது. ஐந்து எழுத்தில் நாலைச் சொல்லிவிட்டால் எழுத்து தெரியும் என்று ஆகிவிடுகிறது. ஆனால் தமிழில் பிள்ளைகள் சிக்குவது கொம்பிலும் காலிலும்தான்: கெ-வா கே-வா, கொ-வா கோ-வா, கௌ-வைப் பார்த்தால் கெ-வும் ள-வும் தனித்தனியாக இருக்கிறதோ என்கிற மயக்கம், உகர ஊகாரக் குறிகள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விதமாகச் சுழிவது. அதனால் எழுத்துப் படியிலோ சொல் படியிலோ நிற்கிற பிள்ளைகளுக்கு நான் உயிர்மெய்க் குறிகளுக்கென்று ஓர் அட்டை தனியாக எழுதி வைத்திருக்கிறேன், தாள் முடிந்ததும் அதைக் காட்டுகிறேன். எந்தக் குறியிலிருந்து தொடங்குவது என்பது அதில்தான் தெரிகிறது. இன்னொன்று, பழத்தைப் ‘பளம்’ என்று வாசிக்கிற பிள்ளையை நான் பிழையாக எண்ணுவதில்லை. அது அந்த வீட்டுப் பேச்சு, பிள்ளை எழுத்தை அடையாளம் கண்டுவிட்டது.

வாசித்ததன் பொருள் புரிந்ததா என்று இந்தத் தமிழ் வாசிப்புத் தாள் கேட்பதில்லை. ஆங்கிலத்துக்கான அசர் தாளில் வாசித்த சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் பொருள் கேட்கும் முறை உண்டு, அதையே இங்கும் கொண்டு வந்துவிடலாம். கதையைக் கடகடவென்று வாசித்து முடித்த பிள்ளையிடம் ‘அப்புறம் என்ன ஆச்சு, நீயே சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள், சிலர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர்களைக் கதை நிலையில் வைத்துவிட்டு விட்டுவிட்டால் யாருமே அவர்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

உச்சவரம்பும் தாழ்வானது. கதையும் வகுத்தலும் வந்துவிட்டால் அதற்கு மேல் தாளிடம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் எடுக்கப் போகிறவருக்கோ கல்லூரியில் நிரலாக்கம் சொல்லித் தருகிறவருக்கோ இது உதவாது, அவரவர் பாடத்துக்கு முன்தேவை என்னவோ அதற்கு அவரவர்தான் கேள்வி தயாரிக்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஆறு ஏழு வரை வந்தும் வாசிப்பு கைகூடாத பிள்ளைகளுக்கும் மட்டுமே நான் இதைச் சொல்வேன்.

சோதித்த பிறகு குழு பிரிக்காவிட்டால் இதை வைப்பதில் பயனே இல்லை. பிரதம் செய்ததும் அதைத்தான், வகுப்பை விட்டுவிட்டு நிலையை வைத்துக் குழு பிரித்துக் கற்பித்தார்கள். 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பிரதமின் கற்பித்தல் பணிகளைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர்கள். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இதே எண்ணத்தில்தான். அந்தப் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும், எந்தப் பிள்ளையும் மட்டம் என்று அதில் தொனிக்காது. ஐந்தாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் பெற்றோருக்கு வருத்தம் வரத்தான் செய்யும். அவர்களிடம் தாளையே காட்டி, இந்தப் பத்தியை வாசிக்க வைப்பதுதான் இப்போதைய வேலை என்று சொல்லுங்கள். மதிப்பெண்ணைக் காட்டி நிலைமையை விளக்குவதை விட இது எளிது, தாய்மார்கள் பெரும்பாலும் உடனே ஒத்துக்கொள்கிறார்கள்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். எழுத்து பெரிதாக விழும்படி அச்செடுத்து லேமினேஷன் செய்துகொள்ளுங்கள். மற்ற பிள்ளைகள் கேட்டு மனப்பாடம் செய்துவிடாத தூரத்தில் தரையில் பக்கத்துப் பக்கமாக உட்காருங்கள், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு வாயே திறக்காது. வாசிக்கும்போது திருத்தாதீர்கள், கடிகாரம் பார்க்காதீர்கள். தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் உண்டு, ஒரு மாதிரியை யாருக்கும் காட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பு முடியும்போது அதில் சோதியுங்கள்.